இரண்டாம் டிகாஷன்

தமிழ்ச் சமையலறைச் சொற்களுக்கு யாராவது அகராதி தொகுத்தால் ‘இரண்டாம் டிகாஷன்’ என்ற சொல்லை அதில் கட்டாயம் சேர்க்க வேண்டும். காப்பி ஃபில்டரின் மேலடுக்கில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் முதலில் இறங்குவது கெட்டியான டிகாஷன். அது இறங்கி முடிந்த பிறகு அதே பொடியின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றினால் கிடைப்பது இரண்டாம் டிகாஷன். சொல்லின் பொருள் இவ்வளவுதான். வழக்கு இதைவிட அதிகமாகச் சொல்கிறது. முதலில் இறங்குவதை யாரும் ‘முதல் டிகாஷன்’ என்று சொல்வதில்லை. அது வெறும் டிகாஷன். வீட்டு ஆண்களுக்கும் விருந்தாளிக்கும் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் உரியது அது. இரண்டாவதற்குத்தான் எண் தேவைப்படுகிறது. அது பெரும்பாலும் காப்பி போட்டவளுக்கு.

வகுப்பில் ஒருமுறை இதைப் பற்றிப் பேச்சு வந்தது. “எங்க வீட்ல அம்மாவுக்கு ரெண்டாவது டிகாஷன்தான் பிடிக்கும் மேடம்” என்றாள் ஒரு மாணவி. “அம்மாவுக்கு முதல் டிகாஷன் போட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள்; வகுப்பே சிரித்தது. மீன்குழம்பில் தலை பிடிக்கும், சோற்றில் அடிக்காந்தல் பிடிக்கும், பாலில் ஆடை பிடிக்காது என்று நம் அம்மாக்களைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்கும் ‘விருப்பங்கள்’ எத்தனையோ. மிஞ்சியது எதுவோ அதைப் பிடித்ததாக மாற்றிக்கொள்ளும் பயிற்சி அது. காலப்போக்கில் அந்தப் பயிற்சி நாக்கிலேயே தங்கிவிடுகிறது.

நல்ல காப்பிக்கொட்டையை வாங்கி, வீட்டிலேயே அரைத்து, விதவிதமான கருவிகளில் இறக்கிக் குடிப்பது இன்று நகரங்களில் ஒரு ரசனையாக வளர்ந்திருக்கிறது. எனக்கும் அந்த ரசனை உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் இந்த ரசனையைப் பற்றிய பேச்சில் சமையலறை ஏன் வெறும் அரங்கப் பொருளாக இருக்கிறது, அங்கே ஒரு நூற்றாண்டாகக் காப்பி இறக்கிய பெண்களின் அறிவு ஏன் அறிவாகப் பதிவாகவில்லை என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

கைமணம் என்ற பாராட்டு

சமையல் செய்யும் பெண்ணைப் புகழத் தமிழில் உள்ள மிக உயர்ந்த சொல் ‘கைமணம்’. ‘கைப்பக்குவம்’ என்றும் சொல்வதுண்டு. இரண்டுமே அழகான சொற்கள். இரண்டிலும் இருப்பது கை. தலையும் இல்லை, நாக்கும் இல்லை. கைமணம் என்பது பிறவியிலேயே வாய்ப்பது, கற்றுக்கொண்டது இல்லை என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நம்பிக்கை. இதற்கு எதிர்முனையில் ‘ரசனை’ இருக்கிறது. ரசனை நாக்குக்கும் மனதுக்கும் உரியது; பயின்று வளர்ப்பது; ‘ரசிகர்’ என்ற பட்டத்தைத் தருவது. காப்பி விஷயத்தில் இந்தப் பாகுபாடு மிகத் துல்லியமாக இயங்கியது. அவளுக்குக் கைமணம், அவருக்கு ரசனை.

என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். ஆச்சி காலத்தில் கருப்பட்டிக் காப்பிதான். அப்பாவுக்கு வங்கி வேலை கிடைத்துத் திருச்சிக்குக் குடிவந்த பிறகுதான் ஃபில்டர் வீட்டுக்குள் வந்தது. பொடிக்கடையில் நின்று “பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி அரைக் கிலோவுக்கு ஐம்பது கிராம்” என்று அப்பா சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு கம்பீரம் இருக்கும். அந்தக் கணக்கோடு அவர் வேலை முடிந்தது. மழைக்காலத்தில் பொடி நமத்துப்போகும் என்று இன்னொரு டப்பாவுக்குள் வைத்து மூடியது, ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஓட்டைகளைத் தணலில் காட்டிச் சுத்தம் செய்தது, பால்காரர் தண்ணீர் கலந்த நாளில் டிகாஷனைக் கூட்டி ஈடுகட்டியது, இறங்கும் சொட்டின் சத்தத்தை வைத்தே “இன்னைக்குப் பொடி நைஸா அரைச்சிட்டான்” என்று கண்டுபிடித்தது எல்லாம் அம்மா. காப்பி நன்றாக இருந்தால் பொடிக்குப் பேர். கெட்டால் கைக்குப் பழி. விருந்தாளி எதிரில் மட்டும் கைமணம்.

அம்மா செய்தவற்றுக்கு இன்று வேறு பெயர்கள் இருக்கின்றன. அரைப்பின் அளவு, நீர் பாயும் வேகம், பிரித்தெடுப்பு. நகரத்தில் ஒரு கடையில் நடந்த காப்பிப் பயிற்சி வகுப்புக்குச் சென்றிருந்தேன். மின்தராசோடு நின்ற இளைஞர், பொடியின் மேல் முதலில் கொஞ்சம் வெந்நீரை விட்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதை ஒரு புதிய கண்டுபிடிப்பைப் போல விளக்கினார். பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், “நாங்க பொடியை நனைச்சு வைக்கிறதுன்னு சொல்வோம், தம்பி” என்றார். அந்தத் தம்பி மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, “ஆமா ஆன்ட்டி, ஆனா இது சயின்ஸ்” என்று தொடர்ந்தார். அவரிடம் எனக்குக் கோபமில்லை. ஒரே செயல் சமையலறையில் பழக்கமாகவும் பயிற்சிக்கூடத்தில் அறிவியலாகவும் ஆகிவிடும் வித்தையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

கடவுளும் சிக்கரியும்

நவீனத் தமிழ் இலக்கியத்தில் காப்பியைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும் காட்சிகளில் மிகப் புகழ்பெற்றது புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் வருவது. 1943இல் வெளிவந்த கதை. சென்னைத் தெருவில் கந்தசாமிப் பிள்ளையிடம் வந்து சேரும் கடவுள், அவருடன் ஹோட்டலுக்குள் போய்க் காப்பி குடிக்கிறார். அந்தச் சுவையைத் தன் லீலை என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார். பிள்ளை உடனே திருத்துகிறார்: இது ஹோட்டல்காரன் சிக்கரி கலந்து செய்த லீலை. படைத்தவனுக்கே தன் படைப்பில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியவில்லை. இந்த நையாண்டியை எத்தனை முறை பாடம் நடத்தினாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஒரு முறை நடத்திக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. சிக்கரியைக் கண்டுபிடிக்கும் நாக்கு கந்தசாமிப் பிள்ளைக்கு எப்படி வந்தது? சிக்கரி கலக்காத காப்பியின் ருசி தெரிந்தால்தான் கலந்தது தெரியும். அந்த ருசியை அவருக்கு யாரோ நாள்தோறும் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கதையில் அவருக்கு மனைவி இருக்கிறாள், பெயர் காந்திமதி. அவளுக்குக் காப்பியைப் பற்றி என்ன கருத்து என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. இது புதுமைப்பித்தன் மேல் வைக்கும் குற்றச்சாட்டு இல்லை. காப்பி ஹோட்டல் அன்று ஆண்கள் கூடும் இடம். கதை அங்கே நடக்கிறது. காப்பியைப் பற்றிய பேச்சு பொதுவெளியில் பிறந்தது, காப்பி பெரும்பாலும் வீட்டுக்குள் இறங்கியது. இந்த இடைவெளியைக் கதை தன்னை அறியாமல் பதிவு செய்துவிடுகிறது.

ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ இந்தப் பொதுவெளியின் வரலாற்றை எழுதிய முக்கியமான கட்டுரை. காலனிய காலத்தில் காப்பி எப்படி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று, டீ எப்படி உழைப்பவர்களின் பானமாகப் பார்க்கப்பட்டது என்பதை அது காட்டுகிறது. அந்த வரலாற்றோடு சேர்த்து வாசிக்க இன்னொரு வரலாறு நமக்கு வேண்டும். காப்பி வந்ததும் பெண்ணின் விடியல் எத்தனை மணிக்கு முன்தள்ளப்பட்டது? பழைய சோற்றுக்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. காப்பிக்குப் பால் காய வேண்டும், வெந்நீர் கொதிக்க வேண்டும், டிகாஷன் இறங்கக் கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். எழுந்தவுடன் ஆவி பறக்கக் காப்பி வேண்டும் என்றால், அதற்கு முன்பே ஒருத்தி எழுந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை நம் பாட்டிகளிடம்தான் கேட்டு எழுத முடியும். கேட்க இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பொடிக்குள் நடப்பது

இரண்டாம் டிகாஷன் ஏன் மட்டமானது என்பதற்குப் பண்பாட்டுக் காரணம் மட்டும் இல்லை, வேதியியலும் இருக்கிறது. வெந்நீர் காப்பிப்பொடியைத் தொட்டதும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்துவிடுவதில்லை. பழப்புளிப்பும் மணமும் முதலில் கரைகின்றன. இனிப்பு அதன்பின் வருகிறது. கைப்பும் துவர்ப்பும் கடைசிவரை கரைந்துகொண்டே இருக்கின்றன. ஆக முதல் டிகாஷனில் எல்லாச் சுவைகளும் உண்டு. இரண்டாவதில் பெரும்பகுதி கைப்பும் துவர்ப்பும்தான். அதைச் சகிக்க வைப்பது சர்க்கரை. ‘அம்மாவுக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும்’ என்ற இன்னொரு ‘விருப்பத்தின்’ காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தனக்காகக் காப்பி இறக்கத் தொடங்கும் பெண்ணுக்கு இந்த அறிவு பயன்படும் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு சிறைப்பட்டிருக்கும். புதிதாக வறுத்த பொடியின் மேல் வெந்நீர் பட்டதும் அது பொங்கிக் குமிழியிடுவது அதனால்தான். அந்த வாயு வெளியேறிய பிறகுதான் நீர் பொடிக்குள் சீராக இறங்கும். நனைத்து வைப்பதன் காரணம் இது. கொட்டையாக இருக்கும்வரை மணம் சில வாரங்கள் தாங்கும்; அரைத்துவிட்டால் விரைவில் பறந்துபோகும். அதனால் சிறிய கை அரவை ஒன்று வாங்கி, தேவைப்படும்போது அரைப்பதே பெரிய வித்தியாசத்தைத் தருகிறது. விலை உயர்ந்த கருவிகள் அதற்குப் பிறகுதான்.

ஃபில்டரில் எனக்குப் படிந்த அளவு இது: 25 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றுகிறேன். பொடியை அமுக்கும் குடையை லேசாக வைத்தால் போதும்; இறுக்கினால் சொட்டு நின்றுவிடும், வைக்காவிட்டால் நீர் ஒரே பக்கமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும். பொடியே தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் கையில் கிடைப்பது ஏறக்குறைய 100 மில்லி. பால் சேர்த்தால் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். இருவருக்கும் ஒரே டிகாஷன்.

கடையில் எழுதிப் போட்டிருக்கும் பெயர்களையும் தெரிந்துகொள்வது நல்லது. பழத்தின் தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகாதான் நம் ஊரில் ‘பிளாண்டேஷன்’. பழமாகவே வெயிலில் காயவைத்தது ‘செரி’. பழத்துக்குள் வழக்கமாக இருக்கும் இரண்டு பருப்புகளுக்குப் பதில் ஒன்றே உருண்டு திரண்டிருந்தால் அது ‘பீபரி’. சிக்கரி காப்பியே இல்லை. ஒரு செடியின் கிழங்கு வேரை வறுத்து அரைத்தது. நிறமும் கெட்டியும் தரும், காஃபீன் தராது. எவ்வளவு சிக்கரி கலந்திருக்கிறது என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் பொட்டலத்தில் ஏறக்குறைய பாதி சிக்கரி இருக்க முடியும். அதைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி, ருசி வரவில்லை என்று கையைப் பழித்த காலம் போதும்.

இதைச் சொல்லும்போதே இன்ஸ்டன்ட் காப்பிக்காகவும் ஒரு வார்த்தை. அதை ஏளனம் செய்வது காப்பி ரசிகர்களின் வழக்கம். ஃபில்டரைக் கழுவும் வேலை தன் தலையில் இல்லாதவர்களுக்கு அந்த ஏளனம் எளிது. காலை எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு இன்ஸ்டன்ட் கொடுத்தது இருபது நிமிடங்கள். அந்த இருபது நிமிடங்களையும் ருசியின் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது டம்ளர்

இதுவரை ‘வீடு’ என்று நான் எழுதியது எல்லா வீட்டையும் குறிக்காது. “எங்க வீட்ல டிகாஷனே கிடையாது மேடம், வரக்காப்பிதான்” என்று சொன்ன மாணவிகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். கருப்பட்டியும் கொஞ்சம் தூளும் போட்டுக் கொதிக்கவைத்து வடித்த காப்பியை விடியலில் குடித்துவிட்டு வயலுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகும் பெண்கள் அவர்களுடைய அம்மாக்கள். கும்பகோணம் டிகிரி காப்பியைத் ‘தமிழர் காப்பி’ என்று ஊர் முழுக்கப் பலகை வைத்திருக்கும் இந்தக் காலத்தில் கருப்பட்டிக் காப்பியும் சுக்குக் காப்பியும் மருந்தாகவோ கிராமத்து நினைவாகவோ மட்டும் விற்கப்படுகின்றன. ரசனையின் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

காப்பி தமிழ்நாட்டில் சாதியோடு சேர்ந்தே பரவியது. ‘பிராமணாள்’ என்று பலகை வைத்த ஹோட்டல்கள் இருந்தன. அந்தச் சொல்லை அழிக்கப் பெரியார் 1957இல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் முன் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. விளிம்பு மடங்கிய டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்குப் பின்னாலும் எச்சில் பற்றிய தீட்டு எண்ணம் உண்டு. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றி நாம் பேசுகிறோம், எழுதுகிறோம். வீட்டின் இரட்டை டம்ளரைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கென்று பின்கட்டு ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதில் ஊற்றப்படுவது பெரும்பாலும் இரண்டாம் டிகாஷன். சில வீடுகளில் மூன்றாவது. ஊற்றிக் கொடுப்பது ஒரு பெண்தான். தனக்கு மறுக்கப்பட்டதைத் தனக்குக் கீழே இருப்பவளுக்கு மறுக்கும் அதிகாரம் அவளுக்கு அந்தச் சமையலறையில் கிடைக்கிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் படித்தவர்களுக்கு இந்த அதிகாரம் புரியும். சமையலறையை ஆள்வதே பலம் என்று நம்பவைக்கப்பட்ட பெண்களின் கதை அது. அந்தப் பலம் வீட்டு ஆண்களைத் தொடுவதில்லை. மருமகளையும் வேலைக்காரப் பெண்ணையும்தான் தொடுகிறது. முதல் டிகாஷனைக் கேட்கும் பெண்ணியம் இந்த மூன்றாவது டம்ளரைப் பற்றிப் பேசாவிட்டால், அது கேட்பது சமத்துவத்தை அல்ல. வரிசையில் ஓர் இடம் முன்னால் நகர்வதை மட்டுமே.

சுவைக்கும் அறையின் கதவு

பெண்ணின் நாக்கை நம்பாத வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. உலகம் முழுவதும் இன்று பயன்படும் காகித வடிகட்டியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி. கோப்பையின் அடியில் தங்கும் கசட்டையும் கைப்பையும் சகிக்க முடியாமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் துளையிட்டு, மகனின் நோட்டிலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்துப் போட்டு வடித்துப் பார்த்தார். 1908இல் அதற்கு உரிமம் பெற்று அதே ஆண்டில் நிறுவனமும் தொடங்கினார். சமையலறையில் கிடைத்த அறிவு ‘கைமணம்’ என்பதோடு நிற்காமல் அவர் பெயரிலேயே பதிவாயிற்று. அப்படிப் பதிவானது எத்தனை அபூர்வம் என்பதால்தான் அவரை நினைவு வைத்திருக்கிறோம்.

‘ஸ்பெஷாலிட்டி காப்பி’ என்ற சொல்லை 1974இல் வழக்குக்குக் கொண்டுவந்தவரும் ஒரு பெண்தான்: எர்னா நுட்சன். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காப்பி வணிக நிறுவனத்தில் செயலராகச் சேர்ந்தவர். காப்பியைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் அறைக்குள் அவரை விட அங்கிருந்த ஆண்கள் நெடுங்காலம் சம்மதிக்கவில்லை. அந்த அறைக்குள் போய்க் கற்றுக்கொண்ட பிறகுதான், ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு மண்ணுக்கும் தனிச்சுவை உண்டு, அந்தச் சுவையை வைத்தே காப்பியை விற்கலாம் என்று அவரால் நிறுவ முடிந்தது. இந்தியாவில் சுனாலினி மேனன் காப்பி வாரியத்தில் பல்லாண்டுகள் தரம் பார்க்கும் பணியில் இருந்து, பின்பு பெங்களூரில் சொந்தமாகப் பரிசோதனைக்கூடம் நிறுவினார். காப்பி சுவைப்பதைத் தொழிலாகக் கொண்ட ஆசியாவின் முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். கோடிக்கணக்கான வீடுகளில் நாள்தோறும் பெண்கள் காப்பியைப் பதம் பார்க்கும் ஒரு கண்டத்தில் ‘முதல் பெண்’ என்று ஒருவரைச் சொல்ல இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழம் பறிக்கும் கண்

நல்ல கொட்டை என்பது வறுக்கும் இடத்தில் தொடங்குவதில்லை. ஏற்காட்டிலும் பழனிமலையின் கீழ்ச்சரிவுகளிலும் நீலகிரியிலும் நவம்பரை ஒட்டிப் பறிப்புக் காலம் தொடங்குகிறது. ஒரே கிளையில் பச்சைக் காயும் பாதி சிவந்ததும் நன்றாகப் பழுத்ததும் சேர்ந்தே இருக்கும். பழுத்ததை மட்டும் பறித்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். பச்சைக் காய் கலந்துவிட்டால் காப்பியில் துவர்ப்பு ஏறும். எந்தக் கருவியாலும் பின்னால் அதைச் சரிசெய்ய முடியாது. பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அட்டைக்கடியோடும் ஈரத்தோடும் சரிவில் நின்று, எது பழுத்தது என்று விரல் தொட்ட கணத்தில் முடிவெடுக்கிறார்கள். காப்பியின் முதல் தரப்பரிசோதனை அங்கே நடக்கிறது. அதற்குக் கூலி எடைக்கணக்கில். நிதானமாகப் பார்த்துப் பறித்தால் எடை குறையும். எடை கூட வேண்டுமென்றால் கிளையோடு உருவ வேண்டும். ஸ்பெஷாலிட்டி காப்பி கேட்பது நிதானத்தை. அந்த நிதானத்துக்குத் தனியாகக் கூலி கொடுக்கிறார்களா என்பதைத்தான் பொட்டலத்தின் மேல் எழுதிய மலையின் பெயரைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டும்.

பதப்படுத்தும் ஆலைகளிலும் இதே கதை. கறுத்ததையும் உடைந்ததையும் கையால் பொறுக்கிப் பிரித்தவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள். இப்போது நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் அந்த வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டன. அந்தப் பெண்களின் கண்ணைப் பற்றி எந்தக் காப்பிப் புத்தகத்திலும் ஓர் அத்தியாயம் நான் படித்ததில்லை. இலங்கையின் கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்ட வேலைக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தே போன தமிழ்ப் பெண்களும் இந்த வரலாற்றில் உண்டு. 1869இல் இலைத்துரு நோய் தாக்கிக் காப்பி அழியத் தொடங்கி, அந்த மலைகள் தேயிலைக்கு மாறின. வரலாறும் தேயிலைக்கு மாறிக்கொண்டது. காப்பி பறித்த அவர்களை இன்று நினைக்க ஆளில்லை.

நாக்குக்குச் சொற்கள்

ஒரு கவிஞராகவும் தமிழ் ஆசிரியராகவும் என்னால் செய்ய முடிந்த வேலை சொற்களோடுதான். 1995இல் அமெரிக்காவில் முதலில் வெளியான காப்பிச் சுவைச் சக்கரத்தைத்தான் இன்று நம் ஊர்ப் பொட்டலங்களும் பின்பற்றுகின்றன. ‘புளூபெர்ரி’, ‘பிளாக்கரன்ட்’ என்று அவற்றில் எழுதியிருக்கிறது. இந்தப் பழங்களைத் தின்றிராத ஒரு பெண், தன் நாக்கு மட்டமானது என்று நினைத்துக்கொள்கிறாள். அவள் நாக்கில் குறையில்லை. சக்கரத்தில் நாவல்பழம் இல்லை, விளாம்பழம் இல்லை, புளியங்காய் இல்லை.

தமிழ் இந்த விஷயத்தில் ஏழை மொழி அல்ல. துவர்ப்பை ஒரு தனிச் சுவையாக எண்ணி அறுசுவையில் வைத்த மொழி இது. காப்பிக்குக் ‘குளம்பி’ என்று தனித்தமிழில் சொல் செய்தவர்கள், கொட்டையின் வடிவம் குளம்பை ஒத்திருப்பதைப் பார்த்துச் செய்தார்கள். கண்ணால் பார்த்துச் செய்த சொல் அது, நிலைக்கவில்லை. நாக்கால் செய்த சொற்கள் ஏற்கெனவே சமையலறையில் புழங்குகின்றன. காந்தல், கமறல், காறல், பச்சை வாடை, நமத்த வாடை, சிக்கு வாடை. ‘காறுது’ என்று ஒரு பாட்டி சொன்னால் அது தொண்டையில் எந்த இடத்தில் என்பதுவரை அந்தச் சொல்லில் இருக்கிறது. இவை எல்லாம் குறையைச் சொல்லும் சொற்கள் என்பதையும் கவனிக்கலாம். குறை வந்துவிடாமல் காப்பது அவள் வேலை. அதனால் குறையின் சொற்கள் அவளிடம் கூர்மையாக வளர்ந்தன. நிறையைச் சொல்லும் சொற்கள், ‘பிரமாதம்’, ‘பேஷ்’, குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னவர்களிடம் பொத்தாம்பொதுவாக இருந்தன. தனக்குப் பிடித்தது என்ன, ஏன் பிடித்தது என்று சொல்லும் சொற்களைப் பெண்கள் இனிமேல்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

என் மாணவிகளுக்கு இந்தப் பருவத்தில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறேன். காப்பியோ டீயோ கருப்பட்டிக் காப்பியோ, எதுவானாலும் சரி. ஒரு வாரம் தினமும் காலையில் குடிப்பதன் சுவையை ஐந்து வரியில் எழுத வேண்டும். ‘நன்றாக இருந்தது’ என்ற சொல்லுக்கு அனுமதியில்லை. கூடவே மூன்று விவரங்கள்: அதைப் போட்டது யார், முதலில் குடித்தது யார், கடைசியாகக் குடித்தது யார். எழுதிய நோட்டை அவரவர் அம்மாவிடமும் படித்துக் காட்ட வேண்டும். அம்மா சொல்வதையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அம்மாவின் பேச்சு அம்மாவின் சொற்களிலேயே இருக்க வேண்டும், திருத்தக் கூடாது. இதைப் படிக்கும் நீங்களும் செய்து பார்க்கலாம். முதல் நாள் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றும்போதே வீட்டில் இருக்கும் எல்லோருக்குமாகக் கணக்குப் பண்ணிப் பொடியைக் கூட்டிப் போடுங்கள். வேலைக்கு வருபவரையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.